மட்டாஞ்சேரியில் மலைச்சிங்க வேட்டைப் பருவம்

1974ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வெங்கிடாசலம் முதலாளியின் பாண்டிகசாலைக் கிடங்கில், மலையிலிருந்து வந்த மிளகு மூட்டை ஒன்றை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு மலைச்சிங்கம் இறங்கி வந்தது. மூட்டையைத் திரும்ப எடை போட்டுப் பார்த்தார்கள். சீட்டில் இருந்ததற்கு ஒரு கிராம் குறையவில்லை, ஆகவே புகார் எழுதவில்லை. அன்று மிளகு குவிண்டாலுக்கு ஏழு ரூபாய் இறங்கியிருந்தது, எல்லோருக்கும் அந்தக் கவலை, சிங்கத்தைப் பற்றி மறுநாள்தான் பேசினார்கள். பிடரி கிடையாது, வரி கிடையாது, புள்ளி கிடையாது. நன்றாகக் காய்ந்த சுக்கின் நிறம், கன்றுக்குட்டி உயரம், தரையைக் கூட்டிக்கொண்டு வருகிற நீளத்தில் வால். சிங்கம் என்றால் பிடரி வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு, மலைப்பாதையில் அத்தனை வளைவு இருக்கிறதே, உதிர்ந்திருக்கும் என்றார் லாரி டிரைவர். அதைவிட நல்ல விளக்கம் அப்புறம் யாரும் தரவில்லை. முற்றத்தில் முறம் போட்டு மிளகு புடைத்துக்கொண்டிருந்த பதினொரு பெண்களை அது ஒருமுறை சுற்றி வந்து, மாயம்மாளின் பக்கத்தில் போய்ப் படுத்தது. மாயம்மாள் நிமிர்ந்து பார்த்து, "தள்ளிப் படு, வெளிச்சத்தை மறைக்காத" என்றாள். அது தள்ளிப் படுத்தது.

அடுத்த மூன்று வருடங்களில் இன்னும் பத்துச் சிங்கங்கள் அதே மாதிரி மூட்டைகளிலிருந்து இறங்கின. பெண்கள் பதினொரு பேர், சிங்கங்களும் பதினொன்று என்று ஆனதும் வரத்து நின்றுபோனது. யாரையும் கடிக்கவில்லை, அவை எதையும் தின்றதைப் பார்த்தவரும் இல்லை. பெண்கள் அவற்றுக்குத் தாங்கள் திட்டுவதற்கு வசதியான பெயர்களை வைத்தார்கள். மாயம்மாள் தன்னுடையதற்கு ஒச்சப்பன் என்று வைத்தாள். அது அவள் புருஷன் பெயர். அந்த மனிதர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, தலைச்சுமைத் தொழிலாளர் யூனியனில் சேர்ந்து 318ஆம் நம்பர் பித்தளை வில்லை வாங்கி, சில வருடம் மூட்டை தூக்கிவிட்டு, 1967இல் ஒரு மத்தியானம் சுள்ளிக்கல்லில் ஒரு சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். சுள்ளிக்கல் இருபது நிமிட நடை. இன்னும் குடித்துக்கொண்டிருந்தார். வில்லையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனதால் திரும்பி வருவார் என்பது மாயம்மாளின் கணக்கு. மாதம் தவறாமல் யூனியன் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே தன் கட்டைவிரலை வைத்து, அவர் இடம் போய்விடாமல் பார்த்துக்கொண்டாள். கட்டைவிரலுக்கு மீசை இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் யூனியனில் இல்லை. முற்றத்துப் பதினொரு பேரில் எட்டுப் பேரின் புருஷன்மார் இப்படி எங்கெங்கோ சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். மீதி மூவருடையவர்கள் செத்துப்போயிருந்தார்கள், அதை யூனியனுக்குத் தெரிவிக்க யாருக்கும் அவசரம் இல்லை. மாதா மாதம் பதினொரு விரல்கள் வரிசையாக மைப்பெட்டிக்குப் போய் வந்தன.

மிளகு புடைக்கிற இடத்தில் தூசிக்கு நடுவே கொஞ்சம் காற்றும் இருக்கும், அதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். மாயம்மாளுக்குப் பதிமூன்று வருடம் தேடியும் கடைசியில் இருமல்தான் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மார்பைத் தட்டிப் பார்த்து, இந்த வேலையை விட்டுவிடு என்று இலவசமாகச் சொல்லி அனுப்பினார். சிங்கம் பக்கத்தில் படுத்த நாளிலிருந்து, முறத்தில் எழும்பிய தூசி மாயம்மாளின் மூக்குக்குப் போகாமல், காந்தத்தைக் கண்ட இரும்புத்தூள் போல் திரும்பிப் போய் அதன் உரோமத்தில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் ஐந்து மணிச் சங்கு ஊதியதும் பதினொரு சிங்கங்களும் கருத்த உடம்போடு எழுந்து, படகுத்துறைக்கு வரிசையாக நடந்து, காயலில் இறங்கிக் குளித்துவிட்டுச் சுக்கு நிறமாகத் திரும்பி வந்தன. அந்தப் பக்கத்துக் கரிமீனுக்கு மசாலா தடவ வேண்டாம், அப்படியே பொரிக்கலாம் என்று பெயர் வந்தது. ஒரு மாதத்தில் மாயம்மாளின் இருமல் பாதியானது; மூன்றாவது மாதம் அவள் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் நிற்காமல் பேசி முடித்தாள். அந்த வாக்கியம் அவள் மகளைத் திட்டியது. மகள் பாக்கியலக்ஷ்மி அதைக் கேட்டுக்கொண்டே அழுதாள்.

பாக்கியலக்ஷ்மி அந்தக் குடும்பத்தில் பஸ்ஸின் போர்டை யாரையும் கேட்காமல் படித்து ஏறிய முதல் ஆள். தமிழைவிட மலையாளத்தில் நன்றாக எழுதுவாள், எழுதுவதைவிட இரண்டிலும் நன்றாகச் சண்டை போடுவாள். தினம் படகேறி எறணாகுளம் போய் விலங்கியலில் பட்டம் வாங்கினாள். எங்கள் முற்றத்தில் படுத்திருக்கிறதே, அது என்ன விலங்கு சார் என்று அவள் பேராசிரியரைக் கேட்டபோது, அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அது சிலபஸில் இல்லை, பரீட்சைக்கு வராது என்று தைரியம் சொன்னார். 1979இல் பட்டத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கிய ஆபீஸ்களில், பெண்ணா, பாண்டியா (தமிழரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), அப்பா என்ன செய்கிறார் என்று மூன்றே கேள்விதான் கேட்டார்கள். முதல் இரண்டுக்கும் பதில் பார்த்தாலே தெரிந்தது. மூன்றாவதற்கு அவள் "சாயா குடிக்கிறார்" என்று சொல்வாள், நேர்காணல் அத்தோடு முடியும்.

இதே காலத்தில்தான் மலைச்சரக்கு வணிகர் மன்றத்துக்குப் பொதுநலம் பற்றிய கவலை வந்தது. மன்றத்துக்குத் தலைவர் வெங்கிடாசலம். மிளகைப் புடைக்கும்போது விழுகிற தூசியைச் சாயங்காலம் கூட்டியெடுத்து அதே மூட்டையில் திரும்பப் போட்டுக் கட்டுவது அந்த மன்றத்து உறுப்பினர்களின் பழைய வழக்கம். அதைக் கலப்படம் என்று யாரும் சொன்னதில்லை. சரக்கைச் சரக்கோடு சேர்ப்பது எப்படிக் கலப்படமாகும்? இப்போது கூட்டியெடுக்கத் தூசி இல்லை. மூட்டைக்கு அரைக் கிலோ, சிங்கத்தின் முதுகில் ஏறிக் காயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை வெளியே சொல்ல முடியாது. ஆகவே மக்களின் உயிருக்கு ஆபத்து என்று சொன்னார்கள். மனுவில் ஆபத்துகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள்: ஒரு சிங்கம் தராசுத் தட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தது, ஒன்று கொட்டாவி விட்டது, மாயம்மாள் பக்கத்துச் சிங்கம் தலைவரை இரண்டு முறை உற்றுப் பார்த்தது. அதற்காகக் கொன்று தள்ள வேண்டும் என்று மன்றம் சொல்லவில்லை. படித்தவர்கள் இருந்த மன்றம். வேட்டைக்கு ஒரு பருவம், ஆளுக்கு ஒரு லைசென்ஸ், வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு, எல்லாம் ஒழுங்குபடுத்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்றது. பாக்கியலக்ஷ்மிக்கு அந்த 'ஒழுங்குபடுத்தப்பட்ட' என்ற வார்த்தையைக் கேட்டாலே உள்ளங்கை அரிக்கும். ஆனால் விஞ்ஞானபூர்வமாக ஒரு திட்டம் எழுத விலங்கியல் படித்த ஆள் தேவைப்பட்டது, பஜாரில் விலங்கியல் படித்த ஆள் அவள் ஒருத்திதான்.

"இங்க நோக்கு கொழந்தே, இது டெம்ப்ரவரி போஸ்டாக்கும்" என்றார் வெங்கிடாசலம். "திட்டம் பாஸானா உன்னைப் பெர்மனென்ட் ஆக்கறேன். நீ எத்தனைன்னு எண்ணி, டைப் அடிச்சுத் தந்தா மதி, அது போறும். அபிப்பிராயம் எல்லாம் வேண்டா."

அவள் முற்றத்துக்குப் போய் எண்ணி, பதினொன்று என்று டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மன்றம் சிரித்தது. ஒவ்வொன்றாக எண்ணுவது படிக்காதவர்கள் வேலை. அவர்கள் ஐம்பது வருடமாக மூட்டையில் குத்தூசி செருகி, ஒரு கைப்பிடி மிளகை முகர்ந்து பார்த்துக் கப்பல் கப்பலாக வியாபாரம் செய்தவர்கள். மாதிரி எடுக்கத் தெரியாதா? ஒரு சந்தை நாள் மத்தியானம் ஒரு மணிக்கு, பஜாருக்குள் ஒரே ஒரு சந்தினைத் தேர்ந்தெடுத்து மாதிரி எடுத்தார்கள். சிங்கங்கள் படுத்திருக்கிற முற்றம் அந்தச் சந்தில் இருந்தது, ஏனென்றால் மன்றத்தின் ஆபீஸும் அங்கேதான் இருந்தது, வெயிலில் தூரமாகப் போக யாருக்கும் மனசில்லை. ஒரு சந்தில் பதினொரு சிங்கம். மட்டாஞ்சேரியில் நூற்று முப்பத்திரண்டு சந்துகள். ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு. பாக்கியலக்ஷ்மி மற்ற நூற்று முப்பத்தொரு சந்துகளையும் நடந்து பார்த்து, அங்கே ஆடும் நாயும் மன்ற உறுப்பினர்களின் கடன்காரர்களும்தான் இருக்கிறார்கள், சிங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். வெங்கிடாசலம் அந்தத் தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். பத்தில் ஒரு பங்கு சுடலாம், இனம் அழியாது என்று மன்றம் கருணையோடு முடிவு செய்தது. வருடத்துக்கு நூற்று நாற்பத்தைந்து லைசென்ஸ். இருந்தவை பதினொன்று.

மனு காடு சம்பந்தப்பட்ட ஓர் ஆபீஸுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து, 1981இல், ராமபத்ரன் என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். நல்ல மனிதர்; வெயிலில் வந்த களைப்பு. முற்றத்தில் உட்கார இடம் தேடி, ஒச்சப்பனின் முதுகில் உட்கார்ந்து, நோட்டை அடுத்த சிங்கத்தின் மேல் வைத்து எழுதினார். பாக்கியலக்ஷ்மி, "சார், நீங்க உக்காந்திருக்கறதுதான்" என்றாள். அவர் கீழே குனிந்து பார்த்தார். "இது லிஸ்டில் இல்லையே அம்மா" என்றார் கவலையோடு. "புலி இருக்கு, சிறுத்தை இருக்கு, புனுகுப்பூனைகூட இருக்கு. இதை எழுதினா எந்தக் கட்டத்தில் எழுதறது?" எழுதாமலேயே போனார். ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தில், மேற்படி விலங்கு இந்த நாட்டில் இல்லை, இல்லாத விலங்கை வேட்டையாட அனுமதி தருவதற்கில்லை, இல்லாத விலங்கைப் பாதுகாக்கவும் வழியில்லை என்று இருந்தது. மன்றம் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியது. இல்லாத விலங்குக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று அதற்குப் பொருள். இனி பருவத்தை மன்றமே நடத்தலாம்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது. சிங்கம் இல்லாவிட்டால் தூசி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க, 1982 மாசியில் பதினொன்றையும் முற்றத்துக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். அவை கதவருகிலேயே படுத்துக்கொண்டன. தூசி அமோகமாக மிஞ்சியது. மூன்றாம் நாள் முற்றத்தில் பதினொரு இருமலும் ஒன்றாகக் கேட்டது. ஆறாம் நாள் மாயம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த முந்தானையை மகள் பார்க்காதபடி இடுப்பில் செருகினாள். பாக்கியலக்ஷ்மி பார்த்தாள். அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து ஆராய்ச்சி முடிவை அவள்தான் டைப் அடித்தாள்: 'விளைவுகள் ஊக்கமளிக்கின்றன.' கீழேயிருந்து இருமல் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. அதில் எது தன் அம்மாவுடையது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஆராய்ச்சி முடிந்து கதவு திறந்ததும் சிங்கங்கள் தத்தம் இடத்தில் வந்து படுத்தன, இருமல் அடங்கியது. ஆனால் பருவம் தொடங்கிவிட்டால் அடங்க வழியில்லை. ஒரு பக்கம் பெர்மனென்ட் உத்தியோகம், மறு பக்கம் அம்மாவின் மூச்சு. இதை யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டதற்காக அவள் அப்புறம் பல வருடம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

1983இல் விதிகள் தயாராயின. ஐப்பசி மாதம் பதினைந்து நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. மட்டாஞ்சேரியில் எந்தக் கடவுளையும் பகைத்துக்கொள்ள முடியாது, ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு விலக்கு, செவ்வாய் ஆகாது. மிச்சம் ஏழு நாள். அதில் இரண்டு நாள் பந்த் வரும் என்பதைக் கேரளத்தில் யாரும் சொல்லாமலேயே கழித்துக்கொள்வார்கள். ஐந்து நாளில் நூற்று நாற்பத்தைந்து பேர் பதினொரு விலங்கைச் சுட வேண்டும், அதுவும் ஒழுங்காக. தவறி நாயையோ மன்ற உறுப்பினரையோ சுட்டுவிடக் கூடாது என்பதால், சுடுவதற்கு முன் கணக்கெடுப்பு எழுத்தர் விலங்கைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். எழுத்தர் என்றால் பாக்கியலக்ஷ்மி. சுட்ட விலங்கை எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்கு ஒரு விதி வேண்டியிருந்தது. நீயே ஏதாவது எழுது என்று சொல்லிவிட்டு வெங்கிடாசலம் சாப்பிடப் போனார். அவள், 'மேற்படி விலங்குகளின் நடமாட்டமும் சுமையும் சந்தையில் வழக்கத்திலுள்ள தொழில் விதிகளுக்கு உட்பட்டவை' என்று அடித்தாள். மன்றத்தின் எல்லாக் காகிதத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும், வண்டி வாடகை ரசீதில்கூட. யாரும் அதைப் படித்ததில்லை. இப்போதும் படிக்காமல் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேராக யூனியன் ஆபீஸுக்குப் போனாள். செயலாளர் முகமது இஸ்மாயில், இஸ்மாயில் இக்கா என்றால்தான் பஜாருக்குத் தெரியும், பெஞ்சில் உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இக்கா, நம்ம பஜாரில் ஒருத்தன் யூனியன் வில்லை இல்லாம ஒம்பது வருஷமாச் சுமை தூக்கினா என்ன செய்வீங்க?"

"ஆரு மோளே அவன்? பேரைச் சொல்லு. காலை எடுத்துடலாம்."

"ஒருத்தன் இல்ல, பதினொண்ணு. தூசி தூக்குறாங்க. முற்றத்தில் ஏத்தி, காயல்ல இறக்குறாங்க. மன்றமே சுமைன்னு ஒப்புக்கிட்டு எழுதிக் குடுத்திருக்கு, பாருங்க."

இஸ்மாயில் இக்கா கையைக் கழுவிவிட்டு வந்து அந்த வரியை மூன்று முறை படித்தார். அவருக்கு விஷயம் புரிந்து முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. "சுமைன்னா சுமைதான். பட்சே கால் நாலாச்சே?"

"ரெண்டு கால்தான் இருக்கணும்னு உங்க புத்தகத்தில் எங்க எழுதியிருக்கு?"

தேடினார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அடுத்த தடை இன்னும் பெரியது: யூனியனில் பட்டியல் 1971லேயே மூடியாயிற்று, புது ஆள் சேர்க்க இடம் இல்லை. பாக்கியலக்ஷ்மி, "இடம் இருக்கு. பதினோரு இடத்துக்குப் பதினோரு விரல் காவல் இருக்கு. அது யார் விரல்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றாள். இஸ்மாயில் இக்கா கூரையைப் பார்த்தார். விரலுக்குச் சொந்தக்காரிகள் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாயம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதை முழுவதும் கேட்டாள். ஈரச் சேலையைக் கொடியில் போட்டு, இழுத்து, சுருக்கம் நீக்கி, திரும்பவும் நீக்கினாள்.

"அந்த மனுசன் வந்துட்டா? எடம் எங்கன்னு கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?"

"பதினாறு வருஷம் ஆச்சும்மா."

"தெரியும்டி. மாசா மாசம் விரல் வச்சவளுக்குத் தெரியாதா, படிச்சவ நீ வந்து சொல்லணுமா?"

"பின்ன எதுக்கு?"

"எதுக்குன்னா? ஒரு பேருக்கு எதிர்க்க மை காயாம இருக்கட்டும்னுதான்." அப்புறம் அவள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பித்தளை வில்லையை எடுத்து வந்தாள். பச்சை பிடித்திருந்தது. புளியைக் கரைத்து, சாம்பல் தொட்டு, 318 என்ற எண் பளீரென்று தெரிகிற வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்து தேய்த்தாள். சிரமமாகத் தேய்க்கும்போதும் மூச்சு வாங்கவில்லை என்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். மகளிடம் கொடுக்கும்போது, "இறுக்கிக் கட்டாத, கழுத்து அறுக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி முதல் தேதி செவ்வாயாகப் போனதால் பருவம் இரண்டாம் தேதி, புதன்கிழமை தொடங்கியது. முதல் லைசென்ஸைத் தலைவரே வாங்கியிருந்தார். வெங்கிடாசலம் காக்கி அரைக்கால் சட்டையும் அதற்குப் பொருந்தாத விபூதியுமாக, மாமனார் வீட்டிலிருந்து கல்யாணத்தில் வந்த துப்பாக்கியோடு ஒன்பது மணிக்கு முற்றத்துக்கு வந்தார். தன்னை உற்றுப் பார்த்த சிங்கத்தை அவர் மறக்கவில்லை. பெண்கள் புடைப்பதை நிறுத்தவில்லை. முற்றத்து ஓரத்தில் யூனியனின் நாற்பது சுமைத் தொழிலாளர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பஜார் முழுக்க லாரி நின்றது. அன்று மாலைக்குள் கப்பலுக்கு ஏற்ற வேண்டிய சரக்கு. அவர் துப்பாக்கியை ஒச்சப்பனை நோக்கி உயர்த்தி, விதி விதிதான் என்பதால், பாக்கியலக்ஷ்மியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் பதிவேட்டைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற குரலில் வாசித்தாள். "உறுப்பினர் எண் முந்நூற்றுப் பதினெட்டு. ஒச்சப்பன்."

சிங்கம் எழுந்து நின்றது. கழுத்தில் சணல் கயிற்றில் பித்தளை வில்லை ஒருமுறை ஆடி நின்றது. அவள் மற்ற பத்துப் பெயர்களையும் வாசித்தாள். ஒவ்வொன்றாக எழுந்தன. பத்துக் கழுத்திலும், மற்ற பத்துப் பெண்கள் கொடுத்த பத்து வில்லை.

"சாமி தாராளமாச் சுடலாம்" என்றார் இஸ்மாயில் இக்கா, தம்ளரை ஊதிக்கொண்டே. "லைசென்ஸ் உண்டு, துப்பாக்கி உண்டு. பட்சே எங்க மெம்பர் வேலை நேரத்தில், வேலை ஸ்தலத்தில், முதலாளி கையால செத்தா என்ன நடக்கும்னு சாமிக்குத் தெரியுமல்லோ? பஜார் அடைப்பு. இன்னிக்கி அடைச்சா எப்போ திறக்கும்னு எனக்கே அறியாது. அந்தப் பிணத்தை எடுக்கவும் எங்க ஆளு வரணும். வர மாட்டான்."

"இது மிருகமாக்கும், இஸ்மாயிலே!"

"நாங்களும் அந்தப் பேரைக் கேட்டிருக்கோம் சாமி, உங்க அப்பா வாயாலயே. அதுக்காக வில்லை இல்லேன்னு ஆயிருமா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். வெங்கிடாசலம் லாரிகளைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். ஒச்சப்பன் அவரை மூன்றாவது முறையாக உற்றுப் பார்த்தது. அவர் துப்பாக்கியை இறக்கி, கைக்குட்டையால் அதைத் துடைத்து, அதற்காகவே கொண்டுவந்தது போல் பார்த்துவிட்டு, பாக்கியலக்ஷ்மியிடம், "நாளைலேர்ந்து நீ வரண்டாம், கேட்டியோ" என்றார்.

"சரி சார். இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். பதிவேடு என் பொறுப்பு" என்றாள் அவள். சொன்னபடி ஐந்து மணி வரை இருந்தாள். சங்கு ஊதியதும் பதினொரு உறுப்பினர்களும் சுமையோடு படகுத்துறைக்குப் போனார்கள், அவள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துவிட்டுப் பேனாவை மூடினாள். அதற்குப் பின் அவளுக்குப் பெர்மனென்டாக எதுவும் கிடைக்கவில்லை. தோப்பும்படியில் ஓர் ஓலைக் கொட்டகை டுட்டோரியலில், தோற்றுப்போன பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தாள். மலைச்சிங்கம் சிலபஸில் இல்லை என்று தெரிந்தே முதல் பாடமாக அதை நடத்தினாள்.

வேட்டைப் பருவம் நின்றுவிடவில்லை. ஒழுங்குபடுத்திய பிறகு எதற்கு நிறுத்துவது? வருடா வருடம் ஐப்பசியில் மன்றம் நூற்று நாற்பத்தைந்து லைசென்ஸ் வெளியிட்டது. யாரும் சுடவில்லை, ஆனால் மிளகு வியாபாரிகள் கையில் காகிதம் சும்மா இருக்காது, லைசென்ஸை ஏலக் கூடத்தில் முன்பேர வியாபாரமாக வாங்கி விற்றார்கள். 1985இல் ஒன்று பம்பாய் வரை கைமாறிப் போய், ஒரு சேட்டின் பூஜை அறையில் மாட்டப்பட்டது. தூசியைத் திரும்ப மூட்டையில் போட முடியாததால் அந்தக் கிடங்கின் மிளகு சுத்தமானது என்று வெளிநாட்டில் பெயர் வாங்கியது. அந்தப் பெருமை தன்னுடையது என்று வெங்கிடாசலம் ஒரு விழாவில் பேசி, சால்வை வாங்கிக்கொண்டார். மன்றம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதே சந்தில், அதே ஒரு மணிக்கு மாதிரி எடுத்தது. ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒழுங்குபடுத்தப்பட்ட வேட்டையின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று ஆண்டறிக்கையில் அச்சடித்தார்கள்.

1986ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு மத்தியானம் ஒச்சப்பன் திரும்பி வந்தார். மனிதர் ஒச்சப்பன். சுள்ளிக்கல்லிலிருந்து நடந்து வந்ததாகச் சொன்னார். கையில் பாதி குடித்த சாயாத் தம்ளர் இருந்தது, அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சாயா ஆறவே இல்லை, அதனால்தான் நேரமாகிவிட்டது என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் தலைமுடி மட்டும்தான் நரைத்திருந்தது, பேச்சு அப்படியே இருந்தது. நேராக யூனியன் ஆபீஸுக்குப் போய்த் தன் இடத்தைக் கேட்டார். இஸ்மாயில் இக்கா மூக்குக்கண்ணாடி போட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். முந்நூற்றுப் பதினெட்டு, ஒச்சப்பன், ஒரு நாள்கூட விடுப்பு இல்லை, இன்று காலையும் வேலைக்கு வந்திருக்கிறார். "ஆளு உண்டல்லோ" என்றார். வந்தவர், நான்தான் அந்த ஆள் என்றார். அப்படியானால் இத்தனை வருடம் வேலைக்கு வந்தது யார் என்று இஸ்மாயில் இக்கா கேட்டார். டுட்டோரியலுக்கு அன்று விடுமுறை. செய்தி கேட்டு வந்த பாக்கியலக்ஷ்மி அவரை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் திட்ட நினைத்து எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் அவளிடம் நிறைய இருந்தன. தம்ளர் தளும்பாமல் அவர் பார்த்துப் பார்த்து நடந்த விதத்தைக் கண்டு, எதிரே வந்த கைவண்டியைத்தான் திட்டி ஒதுக்கினாள்.

மாயம்மாள் முறத்திலிருந்து நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள், பக்கத்தில் படுத்திருந்த சிங்கத்தைப் பார்த்தாள். கையை நீட்டித் தம்ளரை வாங்கி, மிச்சமிருந்த சாயாவை நிற்காமல் ஒரே மூச்சில் குடித்துக் கீழே வைத்தாள்.

"சீனி கம்மி" என்றாள். "இதுக்கா இம்புட்டு வருசம்?"

"என் எடத்தை யாருக்கோ குடுத்துட்டியாமே, மாயி" என்றார் அவர்.

"ஆமா. லைன்ல நில்லுய்யா. யாராவது சாயா குடிக்கப் போனா எடம் காலியாகும்."

அவர் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வந்து, அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் என்று சுவரில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்தார். கூட்டுவதற்கு அந்த முற்றத்தில் தூசி இல்லை. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. 318ஆம் எண் எழுந்து, கருத்த முதுகோடு மற்ற பத்தின் பின்னால் படகுத்துறைக்கு நடந்தது, அவர் துடைப்பத்தோடு ஒதுங்கி வழிவிட்டார். அன்று மிளகு குவிண்டாலுக்குப் பதினான்கு ரூபாய் ஏறியிருந்தது. பஜாரில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.